தண்ணீருக்குள் போகாத கை

குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு ஐம்பத்தைந்து. தூத்துக்குடியில் இப்படியும் ஒரு குருகுலம் நடந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம்.

குருவின் பெயர் ஜெசிந்தா. பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் போர்டு இல்லாத ஒரு கடை. உள்ளே வரிசையாகப் பிளாஸ்டிக் டிரம்கள். அவற்றில் கோமாளி மீன் முட்டைகளைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து, விற்றாள். அவளைப் பேச வைப்பது லேசான காரியமில்லை. மீன் வாங்க வருகிறவர்களிடம் அவள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "வீட்டுல தண்ணி எப்படி இருக்கு?" பதில் சொல்லத் தெரியாமல் முழித்தவர்களுக்கு மீன் கிடையாது, போய் வரலாம்.

சீடரின் பெயர் நல்லபெருமாள். ஊருக்குள் இரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறார். சர்க்கரை, கொழுப்பு, உப்பு என்று அடுத்தவர் உடம்பையெல்லாம் எண்ணாக்கித் தாளில் அடித்துக் கொடுப்பது தொழில். எண் கோட்டைத் தாண்டினால் கொட்டை எழுத்து, கோட்டுக்குள் இருந்தால் சாதா எழுத்து. முப்பது வருஷமாக உலகத்தையே இந்த இரண்டு எழுத்தில் பார்த்துப் பழகிய மனுஷன்.

அவர் வீட்டுக் கூடத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு கடல் இருந்தது. கண்ணாடித் தொட்டிக்குள் உப்புத் தண்ணீர், பாறைகள், பாறைமேல் குடை குடையாகக் காளான் பவளங்கள், பத்துப் பன்னிரண்டு மீன்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கடல் சாமந்தி. பூ மாதிரி இருக்கும், ஆனால் பூ இல்லை, உயிர். நூறு விரல்களை விரித்து ஆடிக்கொண்டே இருக்கும். அந்த விரல்களுக்கு நடுவில்தான் இரண்டு கோமாளி மீன்கள் குடித்தனம் நடத்தின. நாள் முழுக்க இரத்தத்தையும் சளியையும் பார்த்துவிட்டு வருகிற நல்லபெருமாளுக்கு, சாயங்காலம் அந்த ஆட்டத்தைப் பார்த்தால்தான் மூச்சு சீராகும்.

சும்மா கிடைத்த கடல் இல்லை அது. நாலு வருஷத்துக்கு முன்னால் முதல் தொட்டி வைத்தார். அதிலும் ஒரு சாமந்தி இருந்தது. ஒன்றரை வருஷம் கழித்து ஒருநாள் காலையில் அது செத்தது. மதியத்துக்குள் அதன் விஷம் தண்ணீர் முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது பதினோரு மீன்களும் மல்லாந்து கிடந்தன. சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து அழுதார். மறுநாள் ஜெசிந்தா கடை வாசலில் போய் நின்றார்.

"மீன் வேணுமா அண்ணாச்சி?"

"படிக்கணும்மா."

"எத்தனை நாளு?"

"நீ சொல்லுத நாளு."

ஆறு மாதம் வெறும் தண்ணீரையும் கல்லையும் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார். கூட்டாளிகள் வந்து, "என்னவே, மீனே இல்லாத தொட்டிய இப்படி வேடிக்க பாக்கீரு?" என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று உட்கார்ந்தார். அப்புறம்தான் ஒவ்வொன்றாக உயிர் வந்தது. வயதில் மூத்தவர் என்பதால் அவளை 'நீ' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அந்த 'நீ'க்குள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிற மரியாதை இருக்கும்.

அவர் தண்ணீரைக் கவனித்த கவனிப்பு இருக்கிறதே, அதைச் சொல்லியே ஆகவேண்டும். உப்பு, கால்சியம், அம்மோனியா, காரத்தன்மை என்று தொடங்கி ஏழு பரிசோதனை. காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளை. கூடத்தில் யாரும் கொசுவர்த்தி ஏற்றக்கூடாது. செருப்புச் சத்தம் கூடாது. லேபிலிருந்து வந்ததும் தொட்டி பக்கத்தில் இருக்கும் நீல நிறச் சானிடைசர் பாட்டிலை இரண்டு அமுக்கு அமுக்கி முழங்கை வரைக்கும் தேய்த்துக்கொள்வார். அது போன மாதம்தான் லேபுக்குப் புதிதாக வந்த சரக்கு. ஒரு பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். ஊரான் கிருமி எதுவும் தன் மீனுக்கு ஒட்டிவிடக் கூடாது அல்லவா? அப்புறம் ஏழு சின்னக் குப்பிகளை ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் முக்கி எடுப்பார். முடிவுகளை லேபு தாளிலேயே அச்சடித்துக் கவரில் போடுவார். பெயர்: தொட்டி. வயது: இரண்டு. அனுப்பிய மருத்துவர்: ஜெசிந்தா. அவர் மனைவி செண்பகவல்லி அந்தத் தாளைப் பார்த்து ஒரு தடவை விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

இவ்வளவு கவனித்தும், மூன்று வாரமாகச் சாமந்தி சுருங்கிக்கொண்டே வந்தது.

முதலில் விரல்கள் குட்டையாயின. பிறகு நிறம் வெளுத்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் பார்த்தால், இரண்டு கை அகலத்துக்கு விரிந்து கிடந்தது எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்து நின்றது. நடுவில் வாய் பிளந்திருந்தது. கோமாளி மீன் இரண்டும் வீடு இழந்தவர்கள் மாதிரி மூலையில் போய் நின்றன. நல்லபெருமாளுக்கு முதல் தொட்டி செத்துப்போன அந்தச் சாயங்காலம் கண்முன் வந்துவிட்டது. உடனே ஜெசிந்தாவுக்குப் போன் போட்டார்.

அரை மணி நேரத்தில் அவள் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். அவருக்குப் பின்னால் படியேறும்போது பாதியில் ஒரு கணம் நின்று மூக்கைச் சுளித்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நடங்க."

தொட்டிக்கு முன்னால் போய் நின்றவள் கால் மணி நேரம் அசையவில்லை. நல்லபெருமாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கவரை நீட்டினார். "காலையில எடுத்த ரிப்போர்ட்டும்மா."

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்களே சொல்லுங்க."

"எல்லாம் நார்மல். ஒண்ணுகூடக் கோட்டத் தாண்டல."

"அப்ப நார்மலாத்தான் சாவுது."

செண்பகவல்லி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"போன வாரம் என்னெல்லாம் செய்தீய?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"திங்கக்கெழம கால்சியம் கொஞ்சம் கம்மி. ஊத்துனேன். செவ்வாக்கெழம கூடிட்டு. பாதித் தண்ணிய மாத்துனேன். மாத்துனதுல புதன்கெழம உப்பு கொறஞ்சிட்டு. உப்புக் கரச்சு ஊத்துனேன். வியாழக்கெழம..."

"உப்பு கூடிட்டு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் அடுப்படிப் பக்கம் திரும்பி, "அக்கா, பெரிய கட்டப்பை ஒண்ணு தாங்க," என்றாள்.

பை வந்தது. பரிசோதனைக் குப்பிகள், சொட்டு மருந்துகள், கால்சியம் டப்பா, உப்பு மூட்டை, அளவு பார்க்கும் குழாய் என்று ஒவ்வொன்றாக எடுத்து அதற்குள் போட்டாள். நல்லபெருமாள் வீட்டுக்குள் திருடன் வந்ததுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். நீலப் பாட்டிலை மட்டும் அவள் எடுக்கவில்லை. அது தொட்டிச் சாமானில்லையே.

"ஏழு நாளு," என்றாள். "உங்க கை தண்ணிக்குள்ள போகக் கூடாது."

"தண்ணி வத்துமே?"

"மிதவை இருக்கு. வத்துன அளவுக்கு நல்ல தண்ணி தானா வந்துரும்."

"தீனி?"

"அக்கா போடட்டும். மேல இருந்து ஒரு சிட்டிகை."

"அப்ப நான் என்ன செய்ய?"

"பாருங்க. தெனம் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் பண்ணி, கண்டது ஒண்ணச் சொல்லுங்க. எண்ணு சொல்லக் கூடாது."

"இந்த ஏழு நாளுல செத்துட்டுன்னா? அது ஒண்ணோட போகாதும்மா. எல்லாத்தையும் கொண்டுட்டுப் போயிரும். உனக்குத் தெரியும்லா?"

"தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

முதல் நாள் அவர் லேபை ஆட்களிடம் விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார். நாற்காலியைப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஆறு மணி.

"பதினாலு தடவ போய் நின்னேம்மா."

"அது எண்ணு."

"ஒண்ணும் காங்கல."

"நாளைக்கு," என்றாள். போன் வைக்கப்பட்டது.

இரண்டாம் நாள் அவர் குரலில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. "ஒரு நத்த கண்ணாடியில ஏறுது. ஏறுன தடம் மட்டும் துடச்ச மாதிரி இருக்கு. நான் தெனம் துணி வச்சுத் துடப்பேன். அப்ப அது இத்தன நாளா என்னத்தத் தின்னுச்சு?"

"ம்," என்றாள் ஜெசிந்தா.

அந்த ஒரு 'ம்'முக்கு நல்லபெருமாள் நூற்றுக்கு நூறு வாங்கின சந்தோஷத்தோடு போனை வைத்தார்.

மூன்றாம் நாள் ஆறு மணிவரைக்கும் அவரால் பொறுக்க முடியவில்லை. நாலரைக்கே கூப்பிட்டுவிட்டார். "ஏம்மா, கல்லுக்குள்ள இருந்து ஒரு கை நீளுது. மெலிசா, முள்ளு முள்ளா. செம்பகம் போட்ட தீனியில ஒரு துண்ட எடுத்துட்டுப் பொந்துக்குள்ள போயிட்டு. நட்சத்திர மீனோட கைன்னு நெனைக்கேன். நான் விட்டதே இல்லையே, எங்க இருந்து வந்துச்சு?"

"கல்லோட வந்திருக்கும்."

"அப்ப ரெண்டு வருசமா என் வீட்டுல குடியிருக்கு. எனக்குத் தெரியாது."

"அதுக்கு உங்களத் தெரியும்," என்றாள்.

அன்றைக்கு நல்லபெருமாள் சோறு சாப்பிடும்போதுகூட நட்சத்திர மீனைப் பற்றியே பேசினார். செண்பகவல்லிக்குக் கல்யாணமான புதிதில் பார்த்த ஆள் திரும்பி வந்தது மாதிரி இருந்தது. ஆனால் சாமந்தி அப்படியே எலுமிச்சம்பழமாகத்தான் கிடந்தது. பேச்சு அந்தப் பக்கம் போனால் அவர் முகம் வாடிவிடும்.

நாலாம் நாள் பதினோரு மணிக்கு வந்தது வினை.

சாமந்தி பாறையை விட்டுக் கழன்றது. ஒட்டியிருந்த அடிப்பாகம் மெல்ல உரிந்து, தண்ணீர் இழுப்பில் உருண்டு, அலை உண்டாக்கும் பம்பை நோக்கி மிதக்க ஆரம்பித்தது. பம்புக்குள் மாட்டினால் சின்னாபின்னம்தான், அப்புறம் தொட்டி முழுக்க விஷம். நல்லபெருமாள் துள்ளி எழுந்தார். யோசிக்கவே இல்லை. கை பழக்கத்தில் நீலப் பாட்டிலை இரண்டு அமுக்கு அமுக்கியது. முழங்கைவரை தேய்த்தார். தொட்டிக்கு மேலே கையைக் கொண்டுபோனார். தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் விரல்கள் இருந்தபோது அடுப்படி வாசலிலிருந்து குரல் வந்தது.

"கை."

செண்பகவல்லி கரண்டியோடு நின்றாள்.

"செம்பகம், அது போயிட்டு இருக்குடி."

"அந்தப் பிள்ளைக்குப் போனப் போடுங்க."

போட்டார். "கழண்டுட்டும்மா. சாமந்தி கல்ல விட்டுட்டு. பம்பு இழுக்குது. ஒரே ஒரு தடவ கைய விட்டு எடுத்துரட்டுமா?"

"அலைப் பம்பு சுவிட்சு எங்க இருக்கு?"

"செவுத்துல."

"செவுரு தண்ணிக்குள்ளயா இருக்கு?"

நல்லபெருமாள் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தார். பம்பு நின்றது. தொட்டிக்குள் இழுப்பு அடங்கியது. சாமந்தி பம்புக்கு நாலு விரல்கடை தூரத்தில் மெதுவாக மணலில் இறங்கியது.

"இப்ப?"

"உக்காருங்க."

"உக்காந்து?"

"எங்க போகுதுன்னு பாருங்க. அதுக்கு அந்த எடம் பிடிக்கல. வேற எடம் தேடுது."

"எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியும்மா. நடுப்பாறையிலதான் வெளிச்சம்..."

"உங்களுக்குத் தெரியும். அதுக்குத் தெரியணும்லா?"

போன் வைக்கப்பட்டது. நல்லபெருமாள் உட்கார்ந்தார். செண்பகவல்லியும் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருவரும் ஒரு மணி நேரம் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தார்கள். சாமந்தி மணலில் புரண்டது. அடிப்பாகத்தை ஒரு பக்கம் நீட்டித் தொட்டுப் பார்த்தது. பிடிக்கவில்லை, சுருக்கிக்கொண்டது. இன்னொரு பக்கம் நீட்டியது. கோமாளி மீன் இரண்டும் மூலையை விட்டு வந்து அதைச் சுற்றிச் சுற்றி நீந்தின. பெண் மீன் மூக்கால் அதை இடித்துத் தள்ளியது. "தள்ளு, தள்ளு," என்று நல்லபெருமாள் தன்னை மறந்து முனகினார். கடைசியில் இடது ஓரத்தில், இரண்டு கல்லுக்கு நடுவில் இருந்த இடுக்கில், கண்ணாடியை ஒட்டினாற்போல் அது பிடித்துக்கொண்டது. அவர் ஏழு ஜென்மம் எடுத்தாலும் தேர்ந்தெடுக்காத இடம்.

ஐந்தாம் நாள் இடம் மாறியும் வாய் பிளந்தபடிதான் இருந்தது. விரல்கள் வெறும் முளைகளாக இருந்தன. சாயங்காலம் போன் செய்தார்.

"என்ன கண்டீய?"

"பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான்," என்றாள் ஜெசிந்தா.

நல்லபெருமாளுக்கு அது ஏனோ தெம்பாக இருந்தது.

ஆறாம் நாள் காலையில் வாய் மூடியிருந்தது. அவர் பார்த்தார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளும் பார்த்தாள். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் கண்பட்டுவிடும் என்று பயம். சாயங்காலம் போனில் நத்தையைப் பற்றிச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஏழாம் நாள் பத்து மணிக்கு அது விரிந்தது.

அடேயப்பா, அதை எப்படிச் சொல்வது. முதலில் ஒரு விரல் நீண்டது. அப்புறம் பக்கத்து விரல். பிறகு மளமளவென்று எல்லாம். அரை மணி நேரத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்து, விரல்நுனி ஒவ்வொன்றும் பருத்து, ஆட ஆரம்பித்துவிட்டது. பெண் கோமாளி மீன் ஒரு வட்டம் சுற்றியது. நின்று பார்த்தது. சர்ரென்று விரல்களுக்குள் பாய்ந்து உடம்பைப் புரட்டியது. ஆண் மீன் பின்னாலேயே போய் விழுந்தது. நல்லபெருமாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, ஐம்பத்தைந்து வயது மனுஷன், கூடத்தில் குதித்தார். செண்பகவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"வாம்மா," என்றார் போனில்.

ஜெசிந்தா வந்தாள். ஒரு தோளில் அன்றைக்குக் கொண்டுபோன அதே கட்டைப்பை. கையில் மூடி போட்ட ஒரு பெரிய கண்ணாடி டம்ளர். தொட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அவள் அப்படிச் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

நல்லபெருமாள் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "ஏம்மா, எனக்கு ஒண்ணு புரியல. நாலு மருந்து ஊத்தி, தண்ணி மாத்தி, உசிரக் குடுத்துப் பாத்தேன். சுருங்குச்சு. ஒண்ணுமே செய்யல. விரிஞ்சிட்டு. எப்படி?"

ஜெசிந்தா டம்ளரை அவர் முன்னால் வைத்து மூடியை எடுத்தாள். உள்ளே உப்புத் தண்ணீர். அதில் ஊசிமுனை அளவில், செம்மண் நிறத்தில், ஆயிரக்கணக்கான புள்ளிகள் துள்ளிக்கொண்டிருந்தன. மீன்குஞ்சுகளுக்குத் தீனியாக அவள் கடையில் பொரிக்க வைக்கும் உப்புநீர்ப் பூச்சி. பொரித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

கட்டைப்பையையும் அவர் பக்கம் நகர்த்தினாள். "இந்தத் தண்ணி நல்லாருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

"இதையா? எதுக்கு?"

"சொல்லுங்க. வீட்டுத் தொட்டிக்கு எப்படிப் பாப்பீயளோ, அதே மாதிரி. எதையும் விடக் கூடாது."

ஏழு நாள் பட்டினி கிடந்த கைக்கு விருந்து வைத்தது மாதிரி ஆயிற்று. நல்லபெருமாள் உற்சாகமாக எழுந்தார். நீலப் பாட்டிலை இரண்டு அமுக்கு அமுக்கினார். உள்ளங்கை, விரலிடுக்கு, மணிக்கட்டு, முழங்கை என்று ஒன்றுவிடாமல் தேய்த்தார். ஈரக் கையோடு முதல் குப்பியை எடுத்து, இரண்டு விரலும் முங்க டம்ளருக்குள் முக்கி எடுத்தார். அப்படியே ஏழு குப்பி. சொட்டு மருந்து விட்டார். குலுக்கினார். நிறம் மாறுவதற்குக் காத்திருந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கால் மணி நேரம் ஆயிற்று.

"எல்லாம் நார்மல்," என்றார். முகமெல்லாம் பெருமை. "அருமையான தண்ணி. ஒண்ணுகூடக் கோட்டத் தாண்டல."

"நல்லாப் பாத்தீயளா?"

"முப்பது வருசத் தொழிலும்மா."

"இப்பத் தண்ணியப் பாருங்க."

அவர் டம்ளரைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மேலே தண்ணீர் வெறுமையாக இருந்தது. செம்மண் நிறப் புள்ளிகள் அடியில் ஒரு விரல் கனத்துக்குப் படிந்து கிடந்தன. ஓரத்தில் ஒன்றிரண்டு மட்டும் இழுத்து இழுத்து அசைந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவையும் நின்றன.

நல்லபெருமாள் டம்ளரைப் பார்த்தார். குப்பிகளைப் பார்த்தார். நீலப் பாட்டிலைப் பார்த்தார். மெல்லத் தன் கையை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தார்.

"நானா?" என்றார்.

ஜெசிந்தா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாளைக்கு மூணு வேள. வேளைக்கு ஏழு குப்பி." குரல் உடைந்தது. "அது சுருங்கச் சுருங்க நான் இன்னும் அடிக்கடி போனேனே. நீ வாரதுக்கு முந்துன புதன்கெழம அஞ்சு வேள போனேன். ஏம்மா, எந்த டெஸ்டுலயும் இது வரலையே."

"இந்த நீலத் தண்ணிக்கு உங்க பெட்டியில டெஸ்டு கெடையாது."

அவர் தொட்டிப் பக்கம் திரும்பினார். சாமந்தி ஆடிக்கொண்டிருந்தது. கோமாளி மீன் ஒன்று தலையை நீட்டி அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. அவர் கண் நிறைந்துவிட்டது. "மன்னிச்சிரு," என்று முணுமுணுத்தார். மீனிடம் சொன்னாரா சாமந்தியிடம் சொன்னாரா என்று செண்பகவல்லிக்குத் தெரியவில்லை. அவள் அருகில் வந்து அவர் தோளைத் தொட்டாள்.

ஆனால் நல்லபெருமாள் எத்தனை நேரம் துக்கத்தில் உட்கார்ந்திருப்பார்? காரணம் தெரிந்துவிட்டதே. முப்பது வருஷம் தொழில் செய்த மூளை விறுவிறுவென்று ஓட ஆரம்பித்தது. முகம் வெளிச்சமாயிற்று. எழுந்தார். நீலப் பாட்டிலைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே வைத்தார். குளியலறைக்குள் போய் முழங்கைவரைக்கும் நாலு தடவை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு வந்தார். தன் லேபு பையைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். ரப்பர் கையுறை. நூறு இருக்கும்.

"இவ்வளவுதான விசயம்?" என்றார். ஒரு கையுறையை உருவி இடது கையில் மாட்டினார். சொடக்கென்று இழுத்துவிட்டார். "இனி ஒரு பொட்டு மருந்து தண்ணியில படாது. இப்பவே பாத்துருவோம். ஏழு நாளா தண்ணி எந்த நெலமையில இருக்கோ. கால்சியம் எறங்கித்தான் இருக்கும்." இரண்டாவது கையுறையை உதறி ஊதினார். விரல்களை நுழைக்க ஆரம்பித்தவர், நினைப்பு வந்து நிமிர்ந்தார்.

"ஏம்மா, மொத நாளு படியேறும்போதே மூக்கச் சுளிச்சியே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? ஏழு நாளும் உசிரக் கையில பிடிச்சிட்டுக் கெடந்தேனே. ஏன் சொல்லல?"

ஜெசிந்தா எழுந்து, குப்பிகளையெல்லாம் திரும்பக் கட்டைப்பைக்குள் போட்டு, அதை மறுபடியும் தோளில் மாட்டிக்கொண்டாள். கையுறை மாட்டியிருந்த அவருடைய இடது கையைப் பார்த்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, அன்னைக்கே இத மாட்டியிருப்பீய அண்ணாச்சி."